ஐந்தாம் ஸ்தலத்து மரம்

சுவரில் செம்பைக் கவிழ்த்து வைத்து அதன் அடியில் காதைக் கொடுத்தால், அடுத்த வீட்டுப் பேச்சு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கும் என்பது சாந்தாமேரி தானாகக் கண்டுபிடித்த விஞ்ஞானம். டம்ளர் உதவாது. பித்தளைச் செம்பு வேண்டும், அதுவும் புளி போட்டு விளக்கிய செம்பு. ஆறாம் நம்பர் வீட்டு மாரியம்மாள் தன் புருஷனை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று கேட்க இந்தச் செம்புக்கு வேலையில்லை. அது கரடியூர் வரைக்கும் தானாகவே கேட்கும். செம்பு நாலாம் நம்பர் வீட்டுச் சுவருக்கு. அங்கே பாக்கியநாதன் தனியாக இருந்தார். தனியாக இருக்கிற மனுஷன் சுவருக்கு அந்தப் பக்கம் என்னதான் செய்கிறார் என்று பத்து மாதமாகக் காது கொடுத்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அழுகை இல்லை, புலம்பல் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெபமாலை சொல்கிற முணுமுணுப்பு மட்டும். பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு மறுநாள் மத்தியானம் அவள் செம்பை வைத்தபோது புதிதாக ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று மரம் சீவுகிற சத்தம்.

பாக்கியநாதன் எஸ்டேட்டில் பம்பு ரூம் ஆள். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற எஞ்சினோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி, மனுஷர்களோடு பேசுவது குறைந்துபோனவர். மேலே டவுனிலிருந்து சாமியார் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியாரும் அவர்தான். நாலு வருஷத்தில் அவர் வீட்டில் விழுந்த இடிகளைச் சாந்தாமேரி விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். முதலில் பெண்டாட்டி சகாயம் மஞ்சள் காமாலையில் போனாள். அந்த அம்மாள் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பொங்கல் வாங்கித் தின்றதுதான் காரணம் என்று சாந்தாமேரி எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொன்னாள். அடுத்த மழையில் சினை மாடு பள்ளத்தில் உருண்டு செத்தது. "அந்த மாடு எந்தக் கோயில்ல பொங்கத் தின்னுச்சாம்?" என்று மாரியம்மாள் கேட்டாள். சாந்தாமேரி அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பதில் கண்டுபிடித்தாள்: பாக்கியநாதனின் அப்பன் காலத்தில் ஏதோ வேண்டுதல் பாக்கி இருந்ததாம்.

காரணம் வேண்டும் அவளுக்கு. காரணம் இல்லாமல் ஆண்டவர் ஒரு வீட்டின்மேல் கை வைப்பாரா? காரணம் என்று ஒன்று இருந்தால்தானே, அது இல்லாத வீட்டுக்காரர்கள் போர்த்திப் படுத்துத் தூங்க முடியும்? ஆனால் பாக்கியநாதனோ யார் போய்த் துக்கம் கேட்டாலும், "ஆண்டவர் சித்தமுங்க" என்று மேலே கையைக் காட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பு ரூமுக்குப் போய்விடுவார். துக்கம் கேட்கப் போனவர்களுக்கு உட்கார்ந்து பேச ஒரு பிடி கிடைக்காது. சாந்தாமேரிக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது.

அதன் பிறகுதான் போன வைகாசியில் அவருடைய ஒரே மகன் இருதயராஜ் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அதற்கும் அவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார். கையை மட்டும் மேலே காட்டவில்லை. அதற்கு மட்டும் சாந்தாமேரி காரணம் தேடவில்லை.

சீவுகிற சத்தம் நின்றது. அவள் செம்பை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். அடுத்த நிமிஷம் அவள் புருஷன் சூசையைத் தேடிக்கொண்டு பாக்கியநாதனின் குரல் அவள் வீட்டு வாசலிலேயே கேட்டது.

"ஏனுங் மேரி, சூசை இருக்காப்லயா?"

"வேலைக்குப் போயிருக்காருங்கண்ணா. உள்ள வாங்க. என்ன, தச்சு வேலையெல்லாம் பண்றீங்க போல?" என்று கேட்ட பிறகுதான் செம்பு கையிலேயே இருப்பதைக் கவனித்தாள்.

பாக்கியநாதன் செம்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தலைமயிரில் சுருள் சுருளாக மரச்சீவல் ஒட்டியிருந்தது.

"கோயில் சிலுவையக் கரையான் தின்னுபோட்டுது. புதுசு ஒண்ணு செய்யறனுங்க. வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு எந்த ஸ்தலத்துல ஆரு தூக்கறதுன்னு ஒரே சண்டை. அதனால இந்த வருசம் ஊட்டு நம்பர்படி உட்டுட்டேன். ஒண்ணாம் ஸ்தலத்துக்கு ஒண்ணாம் நம்பர் ஊடு. உங்குளுது அஞ்சாவது. சூசைகிட்டச் சொல்லிருங்க."

அவர் போய் வெகுநேரம் கழித்துதான் அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

எஸ்டேட் கோயிலில் இருந்து பாறை உச்சி வரைக்கும் காப்பித் தோட்டத்துக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதைதான் அவர்களுக்குச் சிலுவைப்பாதை. ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியில் நடந்ததை எல்லாம் பதினாலு ஸ்தலங்களாகப் பிரித்து, பதினாலு நிழல் மரங்களில் நம்பர் எழுதிய தகரம் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் முழந்தாள் போட்டு, ஜெபம் சொல்லி, அடுத்த மரம் வரைக்கும் சிலுவையை ஒரு வீட்டார் தூக்கிப் போக வேண்டும். ஐந்தாம் ஸ்தலம் எது என்று லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆண்டவரால் இனிமேல் நடக்க முடியாது என்றபோது, தன்பாட்டுக்கு வழியோடு போய்க்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்து நிறுத்தி, நீ தூக்கு என்று சேவகர்கள் சிலுவையை அவன் தோளில் ஏற்றிய இடம். அந்த ஐந்தாம் ஸ்தலத்துச் சில்வர் ஓக் மரத்திலிருந்துதான் இருதயராஜ் விழுந்தான்.

அவனும் வழியோடு போனவன்தான். பத்தாவது முடித்த பையன். சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் அன்றைக்கு வேலைக்குச் சேர வேண்டியவன். தகரப் பெட்டியோடு பத்து மணி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவனை எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கிற ரைட்டர் பொன்னுவேல் பிடித்து நிறுத்தினார். மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தாக வேண்டும். மரம் ஏறுகிற சூசைக்குக் காய்ச்சல் என்று தகவல். வானம் கறுத்துக்கொண்டு நின்றது. 'அரை நாள் ஏறிக் குடு சாமி, மத்தியானப் பஸ்ஸுக்குப் போயிக்கலாம்' என்றாராம். பையன் சட்டையைக் கழற்றிப் பெட்டியின்மேல் மடித்து வைத்துவிட்டு ஏறினான். ஏறிக் கால் வைத்த கிளை அவனோடு சேர்ந்து கீழே வந்தது. ஓடி வந்தவர்கள் பார்த்தபோது கிளையின் அடி பாதி வழுவழுப்பாக அரிவாள் வெட்டாகவும், பாதி பிய்ந்த நாராகவும் இருந்தது. நின்ற கிளையையே பையன் வெட்டிக்கொண்டான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். "பத்தாங் கிளாஸ் படிச்சு என்ன பிரயோசனம், நுனிக்கெளையில நின்னுக்கிட்டு அடிக்கெளைய வெட்டியிருக்குது பாரு" என்ற பேச்சு, அடக்கம் முடிந்து மண் காய்வதற்குள் லைனைச் சுற்றி, கொட்டச்சேடு போய், அடுத்த எஸ்டேட்டும் போய்விட்டது.

அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டது சாந்தாமேரி.

ஏனென்றால் அந்த வெட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் சூசை அந்த மரத்தில் ஏறி, அந்தக் கிளையின் அடிப்பக்கம் பாதிக்கு மேல் அரிவாள் போட்டிருந்தான். அதற்குள் வேலை முடிகிற விசில் ஊதிவிட்டது. மரம் ஏறுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருத்தன் அரிவாள் வைத்த மரத்தில் இன்னொருத்தன் ஏறக்கூடாது, வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஆரம்பித்தவன் தன் தலைத்துண்டை அடிமரத்தில் கட்டிவிட்டு வருவான். சூசையும் கட்டிவிட்டுத்தான் வந்தான். புதுத் துண்டு, பச்சைக் கரை. அன்றைக்கு இருட்டுவதற்குள் கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போன சாந்தாமேரி, முடிச்சை அவிழ்த்துத் துண்டை எடுத்து வந்துவிட்டாள்.

மறுநாள் அடிவாரத்தில் அவள் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் பேசி முறிந்துபோனது என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தாள். ஏன் முறிந்தது என்று நேரில் போய் விசாரிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. புருஷன் இல்லாமல் போனால் சபையில் மரியாதை இல்லை. புருஷன் தோளில் நல்ல துண்டு இல்லாமல் போனால் அதைவிட மரியாதை இல்லை. ரைட்டர் வீட்டுக்குப் போய், "அவருக்குக் குளிர்காச்சலுங்க, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது" என்று சொன்னாள். "அரிவா வெச்ச மரம் பாக்கி கெடக்குது புள்ள" என்று சூசை முனகினான். "மரம் எங்கியும் ஓடிப் போயிராது, கெளம்புங்க" என்றாள். அடிவாரத்தில் இலை போட்டுச் சாப்பிடும்போதுதான் வாய் துடைக்கத் துண்டை எடுத்த சூசை கரையைப் பார்த்தான். "இது மரத்துல கட்டுனதாச்சே" என்றான். எழுந்து கை கழுவினான். அவர்கள் சாயங்காலப் பஸ்ஸில் மலையேறி வந்தபோது கோயில் மணி துக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சூசை முழங்கால் வலி என்று சொல்லி மரம் ஏறுவதை விட்டுவிட்டு மண்வெட்டி வேலைக்குப் போனான். துண்டு துணிப்பெட்டியின் அடியில் போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் சாந்தாமேரி சாமியாரிடம் அடுத்தவர் கோழி இட்ட முட்டையை எடுத்த விஷயத்தையும், மாரியம்மாளின் விறகில் இரண்டு கட்டை எடுத்ததையும் விலாவாரியாகச் சொன்னாள். வேறு ஒன்றும் இல்லையா என்று அவர் கேட்கும்போதெல்லாம் முழங்காலை மாற்றி வைத்துக்கொண்டு இல்லை சாமி என்றாள். வீட்டு நம்பர் என்கிறார் பாக்கியநாதன். எத்தனையோ எண்கள் இருக்க, ஐந்தாம் நம்பர் வீட்டுக்கு அந்த மரம் எப்படி வந்தது? தெரிந்துதான் செய்கிறாரோ?

ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தவள், தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று தெரிந்துகொள்ள அந்த வாரம் பட்டபாடு கொஞ்சமல்ல. முதலில் மாரியம்மாளிடம் போய், இட்லிப் பானை கேட்கிற சாக்கில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நாலாம் நம்பர் அண்ணன் என்னமாச்சும் சொன்னாருங்களா?"

"சொன்னாரே! ஊட்டு நம்பர்படி சிலுவை தூக்கறாங்களாமா, நாங்க சாமி வேறன்னா எங்க நம்பர உட்டுருவீங்களான்னு கேட்டேன். ஆறாவது உங்குளுதுதான் மாரியம்மா, ஒரு பொம்பள சாமிக்கு மூஞ்சி தொடச்சு உட்ட எடம்னாரு. என்ர ஊட்டுக்காரரு குளிச்சுச் சுத்தபத்தமா வாறாரு. நானுந் துண்டு தொவச்சு வெச்சிருக்கறன்" என்ற மாரியம்மாள், "ஏன், நீ என்ன பேயறஞ்சாப்பல இருக்கற?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சாந்தாமேரி இட்லிப் பானையை மறந்து எழுந்து வந்தாள்.

ரைட்டர் பொன்னுவேலைக் காப்பிக் காட்டு ஓரத்தில் பிடித்தாள். மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லாமல் செடியெல்லாம் காதைத் தொங்கப் போட்டு நின்றது. போன வாரம்தான் ஒரு மழை இறங்கியது. இப்போது கணுவுக்குக் கணு அரிசி அரிசியாக மொட்டு. அவர் ஒரு கிளையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? இப்பிடிக் காஞ்சு வாடுனாத்தான் ஒரே நாள்ல பூக்கும். வருசம் பூராத் தண்ணி காட்டுனா எலதான் வரும்" என்றார், அந்த ஏற்பாடே தன்னுடையது என்பது போல.

"அது கெடக்கட்டுங்க. பாக்கியநாதண்ணன் அந்த மரத்தப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும்..."

பொன்னுவேல் கிளையை விட்டுவிட்டார். அது ஆடி நின்றது. "அந்தப் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்கம்மா. நொம்பப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சாந்தாமேரிக்கு விஷயம் எதுவும் கிடைக்காமல் திரும்புவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பெரிய வெள்ளிக்கிழமை விடிந்தபோது மலையே வெளுத்திருந்தது. பூத்துவிட்டது. ஒரு செடி பாக்கியில்லாமல், ஒரு கணு பாக்கியில்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக. முற்றத்துக்கு வந்த சாந்தாமேரி வாளியை வைத்துவிட்டு நின்றாள். மல்லிகைக் கூடையை முகத்தில் கவிழ்த்தது போல வாசனை. அதற்குள் ரைட்டரின் விசில் கேட்டது. பூ நிற்கிற இரண்டு மூன்று நாளும் காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது எஸ்டேட் சட்டம். சேலை பட்டால் பூ உதிரும், பூ உதிர்ந்தால் காய் போச்சு. வேலையே கிடையாது. அப்படியானால் சிலுவைப்பாதையும் கிடையாது. அவளுக்கு முழங்கால் வரைக்கும் ஒரு நிம்மதி இறங்கியது. "ஆண்டவர் சித்தம்" என்று வாய்விட்டே சொன்னாள். பாக்கியநாதன் அந்த வார்த்தையை எதற்குச் சொல்லிக்கொள்கிறாரோ, அவள் சொன்னது தப்பித்ததற்கு.

அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும் இருந்தது. பொன்னுவேலே கோயில் வாசலுக்கு வந்து சொன்னார்: எஸ்டேட் துரை அனுமதி கொடுத்துவிட்டார். ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். பாட்டு கூடாது, மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரக்கட்டையும் கூடாது, தேனீ கிளம்பும். பொம்பளைகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். "முன்னால நான் நடந்து கெளைய ஒதுக்கி உடறன்" என்றார். அவருக்கும் சிலுவைக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. நீங்களே எதற்கு என்று கேட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிக் கோயில் படியோரம் வைத்தார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாந்தாமேரி ஏன் துணிப்பெட்டியைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வரிசை காட்டுக்குள் நுழைந்தது. எத்தனையோ பெரிய வெள்ளி அவள் பார்த்திருக்கிறாள். பாட்டும் ஒப்பாரியுமாகப் போகிற கூட்டத்தில் யார் புதுச் சேலை கட்டியிருக்கிறாள், யார் யாரோடு பேசாமல் நடக்கிறாள் என்று கணக்கெடுப்பதற்கே நேரம் போதாது. இன்றைக்குப் பார்க்க எதுவுமில்லை, முன்னால் போகிற முதுகைத் தவிர. இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு வெள்ளை. மேட்டில் வெள்ளை, பள்ளத்தில் வெள்ளை, எதிர்ச்சரிவில் மேகம் படுத்திருக்கிற மாதிரி வெள்ளை. அதற்குள் லட்சம் தேனீக்களின் ஒரே சுருதி, எங்கேயோ பெரிய எஞ்சின் ஒன்று நிற்காமல் ஓடுகிறது போல. அறுபது பேர் நடக்கிற காலடிச் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று. இவ்வளவும் ஒரு வாரத்துக்கு முன்னால் காய்ந்த குச்சியாக நின்றதுதானே என்று நினைத்தாள். இதை ஒரே நாளில் திறக்கத் தெரிந்தவருக்குத் துணிப்பெட்டியின் அடியில் கிடந்தது தெரியாமலா இருந்திருக்கும்?

ஐந்தாவது மரம். தகரத்தில் நம்பர் துருவேறி இருந்தது. மேலே கிளை இருந்த இடத்தில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு மொட்டை. பாதை அங்கே ஓர் ஆள் அகலம்தான். மரத்தடியில் பொன்னுவேல், பாக்கியநாதன், சூசை, அவனுக்குப் பின்னால் சாந்தாமேரி, அவளுக்குப் பின்னால் மாரியம்மாள். மற்றவர்கள் வளைவுக்குக் கீழே. பாக்கியநாதன் முழந்தாள் போட்டுப் படித்தார். வழியோடு போன ஒருவனைப் பிடித்து என்கிற இடத்தில் குரல் நின்றது. பிறகு அவர் எழுந்து, நாலாம் நம்பர் வீட்டுக்காக அதுவரை தான் சுமந்து வந்த சிலுவையைச் சூசையிடம் நீட்டினார்.

சூசை வாங்கினான். தோளில் வைக்கச் சாய்த்தான். சிலுவையின் அடிப்பாகம் அவன் கண்ணுக்கு நேராக வந்தது. மேலெல்லாம் பட்டுப்போல இழைத்திருந்த பாக்கியநாதன் அந்த முனையை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். பாதி வழுவழுப்பு. பாதி பிய்ந்த நார். அது இருதயராஜோடு கீழே வந்த அந்தக் கிளை. தன் அரிவாள் வெட்டு மரம் ஏறுகிறவனுக்குத் தெரியாமல் போகாது, தன் கையெழுத்து மாதிரி. சிலுவை சரிந்து ஒரு செடியில் இடித்துவிட்டு அவன் தோளில் விழுந்தது. பொலபொலவென்று பூ உதிர்ந்தது. யாரும் பூ போச்சு என்று சொல்லவில்லை.

"அண்ணா" என்றாள் சாந்தாமேரி. எத்தனையோ வீட்டு விஷயத்தை எத்தனையோ வீட்டில் சொன்ன வாய். இப்போது அது தன் வீட்டு விஷயத்தைச் சொன்னது. "உங்க பையன் வெட்டுலீங்கண்ணா. அது இவரு வெட்டுனது. முந்தின நாளு. துண்டு கட்டிட்டுத்தான் வந்தாரு. நாந்தான் அவுத்துட்டுப் போயிட்டேன். காச்சல்னு சொன்னதும் பொய்யி. நுனிக்கெளையில நின்னான்னு ஊருல சொன்னதும் நானேதான். உங்க பையன் ஒண்ணுந் தெரியாதவன் இல்லீங்க. அவன் கால் வெச்சது நாங்க அறுத்து வெச்சிருந்ததுல."

இடுப்பில் இருந்து துண்டை எடுத்து நீட்டினாள். அதை யாரும் வாங்கவில்லை. பொன்னுவேல் மரத்தில் கை ஊன்றிக்கொண்டார்.

பாக்கியநாதன் அவள் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"வெட்டுலியா?" என்றார். "எம்பையன் வெட்டுலியா?"

"இல்லீங்கண்ணா."

அவர் முகம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே மண்ணைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்குக் காலையில நாந்தான் ரைட்டர்கிட்டப் போயிச் சொன்னேன். பையன் பத்து மணி பஸ்ஸுக்குப் போறான், அரை நாளைக்கு எதாச்சும் வேல குடுத்து நிறுத்தி வெய்ங்கன்னு. அன்னிக்குச் சேருலீன்னா அந்த வேல போயிரும், எங்கூடவே இருந்துக்குவான்னு நெனச்சேன். சகாயம் போன ஊட்டுல தனியா இருக்கறதுக்குப் பயம் மேரி. ஏனுங் ரைட்டரே, சொன்னனா இல்லியா?"

பொன்னுவேல் தலையை அசைத்தார். "நானாவது எந்த மரத்துல வேல பாக்கின்னு சூசைய ஒரு வார்த்த கேட்டுருக்கலாமுங்க. மழைக்கு அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"ஆண்டவர் சித்தம்னு சொல்லிச் சொல்லி நான் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார் பாக்கியநாதன். "என்ர ஆசை, உம்பட பொய்யி, இவுரு அவசரம். எல்லாஞ் சேர்ந்து வந்து அந்த ஒத்தக் கெளமேல நின்னுருக்குது. இத்தனையும் ஆண்டவர் ஒரு கையில புடிச்சிருக்கறாருன்னா அது எத்தாச்சோட்டுப் பெரிய கையா இருக்கோணும்? நெனச்சா ஒடம்பு நடுங்குது. ஏன் உட்டாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பத்து மாசமாக் கேக்கறேன், பதிலே இல்ல." அவர் சூசையின் தோளில் கிடந்த சிலுவையின் குறுக்குக் கட்டையைத் தொட்டார். "ஆனா அந்தக் கையிலயும் ஆணி அடிச்ச ஓட்டை இருக்குதே மேரி. அத உட்டுப்போட்டு நான் எங்க போயி நிப்பேன்?"

சாந்தாமேரிக்கு அதில் பாதிதான் புரிந்தது. மன்னித்துவிட்டாரா என்பதுகூடப் புரியவில்லை. வளைவுக்குக் கீழே நின்றவர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்தார்கள்; யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. சாந்தாமேரிக்குப் பின்னால் நின்ற மாரியம்மாள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். லைனிலேயே பெரிய குரல்காரியான அவள், துவைத்துக் கொண்டுவந்த துண்டால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பாக்கியநாதன் எழுந்தார். "சூசை ஒருத்தனால முடியாது" என்று சொல்லிவிட்டு, சிலுவையின் பின்முனையை, அந்த வெட்டும் நாருமான முனையை, தன் தோளுக்கு எடுத்துக்கொண்டார். பொன்னுவேல் முன்னால் போய்க் கிளையை ஒதுக்கினார். வரிசை நகர்ந்தது. மாரியம்மாள் அவளைத் தாண்டிப் போகும்போது கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். கிழவர்கள் போனார்கள், பிள்ளைகள் போனார்கள், கைக்குழந்தைக்காரிகள் போனார்கள். எல்லாரும் போகிற வரைக்கும் சாந்தாமேரி மரத்தில் ஒட்டி நின்று வழிவிட்டாள்.

கடைசி ஆளும் வளைவில் மறைந்த பிறகு துண்டை விரித்தாள். மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, சூசை கட்டுகிற மாதிரியே இடுப்பு உயரத்தில் இரண்டு முடிச்சுப் போட்டாள். மடிப்பில் பத்து மாதம் கிடந்த துண்டில் பாச்சை உருண்டை வாசம் வந்தது. அந்த வாசம் பூ வாசத்தில் கரைகிற வரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள். மேலே சரிவில் வெள்ளைக்கு நடுவே சிலுவையின் நுனி மட்டும் தெரிந்து, அமிழ்ந்து, மறுபடி தெரிந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு தேனீ பச்சைக் கரையில் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று.